முதுகு வலிக்கு நரம்பைச் சுடும் சிகிச்சை: டர்பனுக்குப் பெற்றோரை அழைத்து வந்தவர்களுக்கு

என் அம்மாவுக்கு 71 வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களோடு டர்பனுக்கு வந்தார். வரும்போதே முதுகு வலி இருந்தது. எலும்பு அடர்த்தி குறைவு என்று ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் பெட்டியில் இருந்தது. பெரிய அறுவை சிகிச்சை வேண்டாம், ஊசி வழியாக நரம்புக்குச் சூடு கொடுத்து வலியைக் குறைத்துப் பார்க்கலாம் என்று இங்கே சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில் இதை ரைசாட்டமி என்கிறார்கள். அந்த வழியில் நாங்கள் எங்கெல்லாம் தடுமாறினோம், எதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம் என்பதைப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது சரி என்பதை அவரைப் பரிசோதிக்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை வலியைச் சுமந்து போகும் சின்ன நரம்பை அடக்குகிறது, அவ்வளவுதான். மெலிந்த எலும்பு மெலிந்தே இருக்கும். வலி குறைந்த மாதங்களில் எலும்புக்கு என்ன செய்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

முதலில் வார்த்தைகளைச் சரிசெய்யுங்கள்

முதல் தடவை டாக்டரிடம் போனபோது அம்மா "இடுப்பு வலி" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் 'ஹிப்' என்று சொல்லிவிட்டேன். டாக்டர் இடுப்பு மூட்டை, அதாவது தொடை எலும்பு வந்து சேரும் இடத்தை, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அது நன்றாக இருந்தது. வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அம்மா காட்டியதோ முதுகின் அடிப்பகுதி, சேலைக் கொசுவம் செருகும் மட்டத்துக்கு நேர் பின்புறம். நம் ஊரில் அதற்கும் இடுப்பு என்றுதான் பெயர். இரண்டு மாதம் வீணானது என்னால். அதனால் சொல்கிறேன்: வார்த்தையை மொழிபெயர்க்காதீர்கள். அம்மாவின் கையைப் பிடித்து, வலிக்கும் இடத்தில் அவர் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது 'தேய்மானம்'. முதுகெலும்பு மூட்டுகளும் தட்டுகளும் வயதில் தேய்வதையும் ஊரில் எலும்புத் தேய்மானம் என்பார்கள், எலும்பே உள்ளுக்குள் புரையோடி மெலிவதையும் அப்படியே சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது வலிக்கும், பொதுவாக முறியாது. இரண்டாவது முறியும் வரை பெரும்பாலும் வலிக்காது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம், என் அம்மாவுக்கு இருந்தது. ஆங்கிலத்தில் ஸ்பாண்டிலோசிஸ் என்பது முதலாவது, ஆஸ்டியோபோரோசிஸ் என்பது இரண்டாவது. ஊர்ச் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

மூன்றாவது 'நரம்பு'. நமக்கு ரத்தக் குழாயும் நரம்புதான், தசைநாரும் நரம்புதான். "நரம்பைச் சுடப் போறாங்க" என்றதும் அம்மா கையில் புடைத்திருந்த ரத்தக் குழாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "கால் விழுந்துடுமா?" என்று கேட்டார். அன்று இரவு அவர் தூங்கவே இல்லை. இந்தச் சிகிச்சையில் சுடுவது காலை அசைக்கும் நரம்பை அல்ல. முதுகெலும்பின் பின்பக்கம் ஒன்றோடு ஒன்று கொக்கி போல மாட்டிக்கொண்டிருக்கும் ஃபேசட் என்ற சிறு மூட்டுகளிலிருந்து வலியை எடுத்துப் போகும் மெல்லிய கிளை அது. இதை வீட்டிலேயே, நிதானமாக, தமிழில் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இங்கே இன்னொன்று. மருத்துவமனையில் பெயர்ப்பட்டையில் கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நைக்கர் என்று பார்த்ததும் நமக்கு மனம் குளிரும். 1860இல் தொடங்கி கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். கோவிலில் தேவாரம் பாடுவார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி ஆங்கிலமாகிப் பல காலம் ஆகிறது. அவர்கள் மொழிபெயர்த்துவிடுவார்கள் என்று பெரியவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

வலி எதனால் என்று கேளுங்கள், பிறகு நரம்பைப் பற்றிப் பேசலாம்

எலும்பு மெலிந்தவருக்கு முதுகு வலி என்றால் முதல் கேள்வி: முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறதா? விழுந்தால்தான் முறியும் என்று நினைக்கிறோம். மெலிந்த முதுகெலும்பு, குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போதே அமுங்கிவிடக்கூடும். முதுகு திடீரென்று வலிக்க ஆரம்பித்தது, உயரம் குறைந்தது, கூன் விழுந்தது, ரவிக்கை முன்பக்கம் தொளதொளவென்று நிற்கிறது என்றால் நேராகச் சொல்லிப் பக்கவாட்டு எக்ஸ்ரே கேளுங்கள். புதிய முறிவு இருந்தால் நரம்பைச் சுடுவது அங்கே முதல் வைத்தியம் ஆகாது.

இன்னும் சில காரணங்களையும் விலக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம், அது முதுகெலும்பிலும் தங்கும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடை இழப்பு, படுத்தாலும் குறையாத வலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பு மெலிவும் முதுகு வலியும் ரத்தசோகையும் சேர்ந்து வந்தால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக ஒரு பரிசோதனை செய்வார்கள். பயப்படாமல் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால், அல்லது மலம் அறியாமல் போனால், தொடைகளின் நடுவே உணர்ச்சி மங்கினால், கால் பலம் இழந்தால் சந்திப்பு நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எலும்பு அடர்த்தியை அளப்பது டெக்ஸா ஸ்கேன். சட்டையோடு படுத்தால் போதும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே ஆஸ்டியோபோரோசிஸ். ஒரு நுணுக்கம் உண்டு. மூட்டுத் தேய்மானத்தால் முதுகெலும்பில் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தால் அந்த இடத்தின் எண் உண்மையைவிட நன்றாகக் காட்டும். அம்மாவுக்கு முதுகு எண் பரவாயில்லாமல் இருந்தது, தொடை எலும்புக் கழுத்தின் எண்தான் மோசம். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அறிக்கையோடு படங்கள் இருக்கும் சி.டி.யையும் ஊரிலிருந்து கொண்டு வாருங்கள்.

வலி ஃபேசட் மூட்டிலிருந்துதான் வருகிறது என்பதற்குச் சில சாயல்கள் உண்டு. நடு முதுகெலும்புக்கு இரு பக்கமும் வலிக்கும். நிமிர்ந்து பின்னால் சாய்ந்தாலும், நெடுநேரம் நின்றாலும், படுக்கையில் புரண்டாலும் கூடும். பிட்டம், தொடை வரை இறங்கலாம், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே போகாது. பாதம் வரை மின்சாரம் போலச் சுண்டி இழுத்தால் அது வேறு நரம்பு, வேறு வைத்தியம்.

எலும்புக்கு உள்ளேயே போய் அங்கிருக்கும் நரம்பைச் சுடும் இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்காவில் அதற்கு 2016இல் அனுமதி கிடைத்தது. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும், குழம்பிவிடாதீர்கள். அதில் முதுகெலும்புக்குள் துளை போட்டுத்தான் ஊசியை நுழைக்க வேண்டும். அதனால் எலும்பு மிகவும் மெலிந்தவர்களுக்கு அது பொருத்தமா என்பது பெரிய கேள்வி. ரைசாட்டமியில் ஊசி எலும்பின் மேற்பரப்பில் போய் நிற்கும், துளைக்காது. அதனால் எலும்பு மெலிந்தது மட்டுமே அதற்குத் தடையாகாது. எந்த முறையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

அரசு வழி என்றால் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் தொடங்கும். அங்கிருந்து கடிதம் வாங்கித்தான் பெரிய மருத்துவமனைக்குப் போக முடியும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனை. அதற்கும் மேலே கேட்டோ மேனரில் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் இல்லாமல் அங்கே நேராகப் போய் நிற்க முடியாது. பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, விசா, முகவரிச் சான்று, பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். விடியற்காலையிலேயே கிளம்புங்கள். முதுகு வலிக்காரருக்குக் கூடத்து நாற்காலியில் மணிக்கணக்காக உட்காருவதே தண்டனை. ஒரு சின்னத் தலையணை, தண்ணீர், சாப்பாடு கொண்டுபோங்கள். இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

தனியார் வழியில் முதலில் ஜி.பி. என்ற பொது டாக்டர், அப்புறம் எலும்பு மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர் அல்லது வலி மருத்துவம் பார்க்கும் மயக்க மருத்துவர். டாக்டரின் பதிவை ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருடத்தில் எத்தனை ரைசாட்டமி செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பணம் பற்றி. மெடிக்கல் எய்டில், அதாவது மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவச் செலவுத் திட்டத்தில், பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்பது அந்தந்த ஸ்கீமின் விதியைப் பொறுத்தது. சேர்த்தாலும் 1998ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி பொதுக் காத்திருப்பு 3 மாதம் வரையும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரையும் போடலாம். 35 வயதுக்கு மேல் முதன்முதலாகச் சேருபவருக்குச் சந்தாவில் தாமதக் கட்டணம் சேரும், அது 75 சதவீதம் வரை போகலாம். அம்மாவை அழைக்கும் யோசனை வந்த அன்றே இதைக் கேட்டு வையுங்கள், வலி வந்த பிறகு கேட்டால் ஒரு வருடம் போய்விடும். விசிட்டராக வருபவர்களின் பயணக் காப்பீடு பழைய நோயைப் பெரும்பாலும் சேர்க்காது.

மெடிக்கல் எய்ட் இருந்தால் ஆதரைசேஷன் நம்பர், அதாவது முன் அனுமதி எண், வாங்காமல் தேதி குறிக்காதீர்கள். சிகிச்சைக் குறியீடும் நோய்க் குறியீடும் கேட்பார்கள். எம்81 என்றால் முறிவில்லாத ஆஸ்டியோபோரோசிஸ், எம்80 என்றால் முறிவோடு கூடியது. ஆஸ்பத்திரி, டாக்டர், மயக்க மருத்துவர், எக்ஸ்ரே எனத் தனித்தனி பில் வரும். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். மெடிக்கல் எய்ட் கட்டாயமாகப் பணம் தரவேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ஆஸ்டியோபோரோசிஸ் கிடையாது. எலும்பு மருந்துக்கு உங்கள் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று தனியாக விசாரியுங்கள்.

சோதனை ஊசி நாள்

சுடுவதற்கு முன் ஒரு ஒத்திகை உண்டு. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி அந்த நரம்புக் கிளைகளின் மேல் மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒரு மூட்டுக்கு இரண்டு நரம்பு, அதனால் ஊசிகள் பல. மருந்தின் வேலை சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்தில் வலி பெரும்பகுதி போனால் வலியின் இடம் அதுதான் என்று அர்த்தம். பல டாக்டர்கள் இதை இரண்டு தடவை செய்து பார்க்கிறார்கள். 80 சதவீதம் குறைந்தால்தான் மேலே போவோம் என்பவர்களும் உண்டு, 50 போதும் என்பவர்களும் உண்டு.

இங்கேதான் நம் பெரியவர்கள் சறுக்குவார்கள். அம்மாவிடம் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா இருக்கு தம்பி" என்றார். இவ்வளவு பேர் நமக்காக நிற்கிறார்களே, வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். காரில் ஏறியதும் முகத்தைப் பார்த்தேன், வலி அப்படியே இருந்தது. "ஏம்மா, உண்மையைச் சொல்லு" என்றேன். "கொஞ்சம்தான் குறைஞ்சுது, அந்தப் பிள்ளை சங்கடப்படுமேன்னு சொல்லலை" என்றார். நான் அங்கிருந்தே போன் செய்து சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. அடுத்த வாரம் ஒரு மட்டம் கீழே இருக்கும் மூட்டுகளில் ஊசி போட்டார். அப்போது அம்மா வீட்டு வாசல் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினார். அது பொய் சொல்லாது.

அதனால் ஒரு தாள் எடுத்து, முந்தின நாளே வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போட வையுங்கள். எண் பிடிபடாத பெரியவர்களுக்குக் காசுக் கணக்கில் கேளுங்கள்: "ஒரு ரூபாய் வலின்னு வெச்சுக்கோ, இப்ப எத்தனை காசு இருக்கு?" அம்மா "நாலணா" என்றதும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஊசிக்கு அப்புறம் மணிக்கு ஒரு முறை எழுதுங்கள். அன்று வழக்கமான வலி மாத்திரையைத் தவிர்க்கலாமா என்று கேளுங்கள், மாத்திரை உள்ளே இருந்தால் எது குறைத்தது என்று தெரியாது. முக்கியமாக, அன்று படுக்கவிடாதீர்கள். வழக்கமாக வலிக்கும் வேலையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: நின்று சப்பாத்தி போடுவது, படி ஏறுவது, புரண்டு படுப்பது.

சூடு கொடுக்கும் நாள்

இது சோதனை ஊசியைவிடச் சற்று நீளம், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். முன்பே சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, பேஸ்மேக்கர், சர்க்கரை நோய், ஒவ்வாமை, உடம்பில் எங்காவது சீழ் அல்லது காய்ச்சல். ரத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குப்புறப் படுக்க வைப்பார்கள். கூன் விழுந்தவருக்கும் எலும்பு மெலிந்தவருக்கும் அதுவே கடினம். வயிற்றுக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்லுங்கள். மேசைக்கு மாற்றும்போது கையைப் பிடித்து இழுக்காமல், உருட்டி மாற்றும்படி முன்பே கேளுங்கள், விலா எலும்பு அவ்வளவு மெல்லியதாக இருக்கும். ஊசி நிலைக்கு வந்ததும் லேசாக மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். முதுகில் குறுகுறுப்போ அழுத்தமோ தெரியலாம். கால் துடித்தால், காலுக்குள் சுருக்கென்று போனால் உடனே சொல்ல வேண்டும். அதனால்தான் முழு மயக்கம் கொடுக்காமல் பேசும் நிலையில் வைத்திருக்கிறார்கள். "கால்ல இழுக்குது" என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அம்மாவுக்கு வீட்டிலேயே பழக்கினேன். 'லெக்' என்ற ஒரே சொல் போதும். சரியென்று தெரிந்ததும் ஊசி முனையை 80 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம், இரண்டு வாரம் வலி முன்பைவிடக் கூடினாற்போல் இருக்கலாம். மேல் தோல் வெயிலில் காய்ந்தது போல எரியலாம். அம்மா மூன்றாம் நாள், "வீணாப் போச்சு" என்று அழுதார். முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், நான்தான் அம்மாவிடம் சொல்ல மறந்திருந்தேன். ஊசியோடு ஸ்டீராய்டு சேர்த்திருந்தால் சர்க்கரை சில நாள் ஏறும். ஸ்டீராய்டு ஊசியை அடிக்கடி போட்டுக்கொள்வது எலும்புக்கும் நல்லதில்லை, எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். மரத்த தோலில் சுடுநீர்ப் பை வைக்காதீர்கள், கொப்புளமானால்கூடத் தெரியாது. காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சீழ், காலில் புது பலவீனம் இருந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

வலி குறைந்த மாதங்களில்

பலன் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை என்பது வழக்கம், நரம்பு திரும்ப வளர்ந்துவிடும். இந்த மாதங்களை வீணாக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வலி இல்லையென்று அம்மா பழையபடி துணி வாளி தூக்க ஆரம்பித்தார். வலி ஒரு எச்சரிக்கையாக இருந்தது, இப்போது அது இல்லை. எலும்போ பழைய எலும்புதான்.

சுட்ட நரம்பு முதுகெலும்பை ஒட்டிய ஆழமான தசைக்கும் கட்டளை கொடுக்கும் நரம்பு. அந்தத் தசை கொஞ்சம் தளரும். அதனால் பிசியோதெரபியைச் சேர்த்தே திட்டமிடுங்கள். எலும்பு மெலிந்தவர்கள் முன்னால் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி, இடுப்பை முறுக்கும் ஆசனம் இரண்டையும் தவிர்க்க வேண்டும். முதுகை நிமிர்த்தும் பயிற்சி, நடை, உட்கார்ந்து எழுவது நல்லவை. ஊர் யோகா வீடியோவைப் பார்த்துச் செய்யாதீர்கள். குனிந்து கோலம் போடுவதை அம்மா விட்டுவிட்டார். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வாசலில் எட்டின மட்டும் போடுகிறார்.

எலும்பு மருந்து தனிக் கதை. வாரம் ஒரு முறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் என்றால் காலை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் பலன் போச்சு. அம்மாவுக்கு ஞாயிறு காலை, பூஜைக்கு முன்னால் என்று பழக்கமாக்கினோம். வருடம் ஒருமுறை ஏற்றும் மருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. டெனோசுமாப் எடுப்பவர்கள் ஊருக்குப் போகும் அவசரத்தில் ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியும் ஆபத்து இருக்கிறது. விமான டிக்கெட்டை அந்தத் தேதியைப் பார்த்து எடுங்கள். எந்த மருந்தானாலும் பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு இங்கே வழியுண்டு. கடைகளிலெல்லாம் கிடைக்கும் அமாசி என்ற புளித்த பால் நம் கெட்டித் தயிர் மாதிரிதான், அதிலேயே தயிர்சாதம் பிசையலாம். மீன் சாப்பிடுபவர்களுக்கு டின்னில் வரும் பில்சர்ட்ஸ் மீனை முள்ளோடு சேர்த்து மசித்துக் குழம்பு வைக்கலாம், அந்த முள்தான் கால்சியம். வைட்டமின் டி அளவை ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு வெயில் ஊரிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரியவர்களுக்கு அது குறையும்.

வீட்டில் இரவு விளக்கு, குளியலறையில் கைப்பிடி, மின்சாரம் போனால் கைக்கு எட்டும் இடத்தில் டார்ச். கோடீன் கலந்த வலி மாத்திரை இங்கே மருந்துக் கடையில் கையெழுத்துப் போட்டு வாங்கலாம், அது தலைசுற்ற வைக்கும், மலச்சிக்கலும் தரும். விழுவதற்கு அதுவே போதும்.

தைப்பூசம் வந்தால் காவடி நேர்த்தியை நினைத்து வீட்டில் வாக்குவாதம் வரும். தோளில் பாரத்தோடு வெறுங்காலில் நடப்பது மெலிந்த முதுகெலும்புக்கு ஆகாது. அம்மா கோவில் குருக்களிடமே கேட்டார். சின்னச் செம்பில் பால் எடுத்துக்கொண்டு கடைசிச் சுற்றில் மட்டும் நடக்கச் சொன்னார். பேரன் காவடி எடுத்தான்.

வலி திரும்பினால்

ஒரு வருடம் போல் கழித்து வலி மெல்ல மெல்ல, அதே இடத்தில், அதே சாயலில் திரும்பினால் நரம்பு வளர்ந்திருக்கலாம், சிகிச்சையைத் திரும்பச் செய்ய முடியும். ஆனால் ஒரு நாள் காலையில் சடாரென்று, முன்பைவிட மேலே, நடு முதுகில் வந்தால் பழைய வலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்குப் பதினோராவது மாதம் அப்படித்தான் வந்தது. திரும்பச் சுடுவதற்குத் தேதி வாங்கலாம் என்று நான் போனை எடுத்தேன். அம்மாதான், "இது அது இல்லடி, இது வேற வலி" என்றார். எக்ஸ்ரே எடுத்தோம். விலா முடியும் மட்டத்தில் ஒரு முதுகெலும்பு லேசாக அமுங்கியிருந்தது. எலும்பு மருந்தை மாற்றினார்கள், சில வாரம் ஓய்வும் நடையுமாகப் போனது, வலி அடங்கியது. இரண்டாவது ரைசாட்டமிக்கு வைத்திருந்த கடிதம் இன்னும் ஃபைலிலேயே இருக்கிறது.